டெக்சஸ் கவர்னர் தேர்தல்: நவம்பரை விட மார்ச்சைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: புதிதாக டெக்சஸில் ஃபிரிஸ்கோ நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள், ஆபீஸில் எல்லோரும் கரண்ட், வீட்டு வரி என்று குடியரசுக் கட்சிக் கவர்னர் அபட்டைத் திட்டுகிறார்கள், ஆனாலும் 2026இல் நான்காவது முறையாக நிற்கும் அவர்தான் ஜெயிப்பார் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இது எப்படி, எச்1பி வேலை விசாவில் இருக்கிற நமக்கு இதில் என்ன வேலை?

முதலில், தமிழ்நாட்டுக் கணக்கை இங்கே போடாதீர்கள். நம் ஊரில் ஐந்து வருடம் ஆனால் ஆளுங்கட்சியை மாற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கை அரிப்பு உண்டு. 1984இல் எம்ஜிஆர் ஆட்சியைத் தக்கவைத்ததற்குப் பிறகு அதைச் செய்ய 2016 வரை ஒருவராலும் முடியவில்லை. டெக்சஸில் பதவியில் இருந்தபடி மறுபடி நின்று தோற்ற கடைசி கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ், 1994இல், ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம். அந்த வருடத்துக்குப் பிறகு மாநில அளவில் எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி ஜெயிக்கவே இல்லை. 2006இல் குடியரசுக் கட்சியின் ரிக் பெர்ரி வெறும் 39 சதவீத ஓட்டு வாங்கி மறுபடி கவர்னர் ஆனார், எதிர்ப்பு ஓட்டெல்லாம் மூன்றாகச் சிதறிவிட்டது. இத்தனை முறைதான் நிற்கலாம் என்ற வரம்பும் இங்கே கிடையாது.

அதற்காக இந்த ஊர் மக்களுக்குச் சொரணை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2021 பிப்ரவரி பனிப்புயலில் நான் இங்கேதான் இருந்தேன். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் நிறுவனங்களிலும் கரண்ட் இல்லை, அரசுக் கணக்குப்படியே 246 பேர் செத்தார்கள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்ததால் கஞ்சியாவது காய்ச்ச முடிந்தது, குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுப் படுத்துக் கிடந்தோம். பக்கத்து வீட்டில் பரண் வழியாகப் போகும் குழாய் உறைந்து வெடித்து, சீலிங் பலகை ஊறித் தொங்கி அப்படியே ஹால் கார்பெட்டில் விழுந்தது. டெக்சஸின் பெரும்பகுதிக்கு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒட்டாத தனி மின்கட்டமைப்பு, அதை மேற்பார்க்கும் ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் கவர்னர். ஆகவே கோபம் அவர் மேல் திரும்பியதில் அர்த்தம் இருந்தது.

2022 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பெட்டோ ஓ'ரூர்க் அதையேதான் ஊர் ஊராகச் சொன்னார். நடுவில் மே மாதம் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அபட்டின் செய்தியாளர் சந்திப்பிலேயே ஓ'ரூர்க் எழுந்து போய் முகத்துக்கு நேராகக் கேட்டார். ஆனால் நவம்பரில் அபட் சுமார் 11 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். யுவால்டி கவுண்டியே (நம் மாவட்டம் போல) அவருக்கு 60 சதவீதம் போட்டது. நான் பார்த்தவரை, கரண்டுக்காகத் திட்டியவர்களில் பலர் ஓட்டுப் போடும்போது எல்லைப் பிரச்சினை, மாநில வருமான வரி இல்லாதது, எண்ணெய்த் தொழில் இவற்றைத்தான் நினைத்தார்கள். ஓ'ரூர்க் 2019இல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது ஏஆர்-15 துப்பாக்கிகளை மக்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம் என்று பேசியதும் அவரை விடவில்லை, துப்பாக்கியை விடாத ஊரில் அப்படிப் பேசிவிட்டு மீள்வது கஷ்டம்.

அப்புறம், நிஜமான பிடி எங்கே இருக்கிறது என்றால் மார்ச் மாதப் பிரைமரியில், அதாவது ஒவ்வொரு கட்சிக்கும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில். நவம்பர் பெரும்பாலும் முடிந்த கதை என்பதால் பதவியில் இருப்பவர் பயப்படுவது சொந்தக் கட்சிக்காரனுக்குத்தான். தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் 21 குடியரசுக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்களே ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து அதைக் கவிழ்த்தார்கள், பெரும்பாலும் கிராமப்புறத்துக்காரர்கள், அவர்கள் ஊரில் அரசுப் பள்ளியை விட்டால் வேறு பள்ளி கிடையாது. அபட் 2024 பிரைமரியில் அவர்களுக்கு எதிராக ஆள் நிறுத்தி, பணம் இறக்கி, பலரை வீட்டுக்கு அனுப்பினார். 2025இல் சட்டம் நிறைவேறிவிட்டது, 100 கோடி டாலர். ஒரு கவர்னர் தேர்தலில் நடந்த எதையும் விட இது உங்கள் பிள்ளை படிக்கப்போகும் பள்ளியின் பட்ஜெட்டைத் தொடும். இத்தனைக்கும் இங்கே கட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, வாக்காளர் யாரும் இரண்டில் ஒரு கட்சியின் பிரைமரியில் போடலாம். சிட்டிசன் ஆன நம் ஆட்களிலேயே பாதிப் பேர் அன்றைக்குப் போகமாட்டார்கள், நவம்பரில் மட்டும் ஓட்டுப் போட்டேன் என்ற ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ போடுவார்கள்.

வீட்டு வரியை விதிப்பது கவர்னர் இல்லை, கவுண்டியும் நகரமும், அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமும். சட்டமன்றம் செய்தது விலக்கை உயர்த்தியதுதான்: பள்ளி வரியில் வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகை 2023இல் 1,00,000 டாலர் ஆனது, 2025இல் 1,40,000. வீடு வாங்கிக் குடியேறியதும் இந்த ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (நாமே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கானது) விண்ணப்பித்துவிடுங்கள், விசாவில் இருப்பவர்களும் வாங்குகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எச்1பியில் இருக்கும்வரை எந்தத் தேர்தல் பிரச்சாரத்துக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை கொடுக்கக் கூடாது, அது சட்டவிரோதம். கிரீன் கார்டு வந்தபின் கொடுக்கலாம், ஓட்டு மட்டும் சிட்டிசன் ஆனால்தான். தமிழ் நிகழ்ச்சிக்கு வேட்பாளர் யாராவது வந்து கை குலுக்கி, போனில் நன்கொடைக்கான க்யூஆர் கோடு நீட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சம்பளம் இல்லாமல் தொண்டு செய்வதற்குத் தடை இல்லை, பேச்சைப் போய்க் கேட்கலாம். டிரைவர் லைசென்ஸ் படிவத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும், அவசரத்தில் 'ஆம்' என்று டிக் அடித்துவிடாதீர்கள். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொன்னாலும் குடியேற்ற விஷயத்தில் அது பெரிய தலைவலி, நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். கவுண்டரில் இருப்பவர் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தால், கையெழுத்துப் போடுமுன் தாளை வாங்கி அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.