சிங்கப்பூரில் கிடைக்கும் டைக்கான் நம்ம ஊர் முள்ளங்கிதானா? அதில் என்ன சத்து இருக்கிறது, எப்படிச் சமைப்பது?

கேள்வி கேட்டவர் இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். பேரங்காடியில் முழங்கை நீளத்துக்குக் கிடந்த வெள்ளை முள்ளங்கியை வாங்கிச் சாம்பார் வைத்திருக்கிறார். தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி இருந்ததாம், வீட்டில் யாரும் தொடவில்லையாம். பாவம். நான் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் எனக்கும் அதே பஞ்சுதான்.

முள்ளங்கியா என்றால், முள்ளங்கிதான். தாவரவியல்படி இரண்டும் ஒரே இனம், ராஃபானஸ் சட்டைவஸ். ரகம்தான் வேறு. நம் ஊர் வெயிலைத் தாங்குவதற்கென்றே பூசா சேத்கி மாதிரியான ரகங்கள் இருக்கின்றன. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். டைக்கான் குளிரில் சுகமாக வளர்கிற காய். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே ‘பெரிய வேர்’ என்றுதான் அர்த்தம். ககோஷிமா பக்கம் சாகுராஜிமா முள்ளங்கி என்று ஒன்று உண்டு, பூசணிக்காய் மாதிரி உருண்டையாக, ஒரு குழந்தையின் எடைக்கு வளரும். அதை விடுங்கள். இங்கே நம் கைக்கு வருவது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிற நீள முள்ளங்கி. ஜப்பானியக் கடைகளில் கழுத்துப் பக்கம் இளம்பச்சையாக ஒன்று இருக்கும், விலை கூடுதல், இனிப்பும் கூடுதல்.

பெயரில்தான் இந்த ஊர் நம்மைச் சுற்றலில் விடும். உணவங்காடி நிலையத்தில் ‘கேரட் கேக்’ என்று பலகை இருக்கும். அதில் கேரட்டும் கிடையாது, கேக்கும் கிடையாது. முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டையோடு பொரித்துக் கொடுப்பார்கள். இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியென், தியோச்சியூ மொழிகளில் அதற்கு ‘சாய் தாவ் குவே’ என்று பெயர், சாய் தாவ் என்றால் முள்ளங்கி. கேரட்டையும் அவர்கள் ‘சிவப்பு முள்ளங்கி’ என்றே சொல்வதால் பெயர் இப்படி மாறிப்போயிற்று. மலாயிலும் இதே கதை, லோபாக் பூத்தே முள்ளங்கி, லோபாக் மேரா கேரட். போப்பியா என்கிற மெல்லிய சுருளுக்குள் வைக்கிற ‘டர்னிப்’பும் உண்மையில் டர்னிப் இல்லை, பங்குவாங் என்கிற வேறொரு கிழங்கு. என் மாமியார் முதல் தடவை வந்தபோது கேரட் கேக் என்று ஆசையாக உட்கார்ந்தார். எதிரே பூண்டும் முட்டையும் மணக்க ஒரு தட்டு வந்து இறங்கியதைப் பார்த்து, “ஏம்மா, பிறந்தநாளுக்கு இதையா வெட்டுவாங்க?” என்றார். சிரிக்கவும் முடியாது. நம் பழைய அகராதிகளைப் புரட்டினால் கேரட்டுக்கு ‘மஞ்சள் முள்ளங்கி’ என்றுதான் போட்டிருக்கிறது.

சரி, பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சாம்பார் கெட்டதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வாங்கும்போதே அது முற்றி, உள்ளே நெட்டி பாய்ந்திருக்கும். இன்னொன்று, அதை முழுவதும் ஒரே காயாக நினைத்து வெட்டியிருப்பீர்கள்.

முதலாவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஆண்ட்டி. அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற ஈரச்சந்தையில் நான் ஒரு பெரிய முள்ளங்கியை எடுத்துக் கூடையில் போடப் போனேன். அவர் அதைப் பிடுங்கி, நடுவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். டொக் என்று ஒரு மந்தமான சத்தம். “கோசோங்!” என்று திரும்ப வைத்துவிட்டார். புராட்டா கடையில் ஒன்றும் வைக்காத புராட்டாவுக்குச் சொல்கிற அதே கோசோங். உள்ளே வெற்று என்று அர்த்தம். அப்புறம் சின்னதாக ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். அளவுக்கு மீறிய கனம். சுண்டினால் கிண்ணென்று கேட்டது. இலையைக் கிள்ளின காம்பு மிச்சமிருந்தால் அதையும் பார்க்கச் சொன்னார். வெட்டுவாயில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் வேரிலும் அப்படித்தானாம். இதுவரை அந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். டைக்கானை வாங்கி வந்ததும் மூன்றாக வெட்டிவிடுங்கள். தலை, நடு, வால். மூன்றையும் மூன்று காயாக நினைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இலைப் பக்கம் இருக்கிற தலை இனிப்பானது. கீழே போகப் போகக் காட்டம் ஏறும், வால் நுனி நாக்கைப் பிடித்து இழுக்கும். கடிக்காத வரைக்கும் முள்ளங்கியில் காரமே கிடையாது, தெரியுமா? கந்தகம் கலந்த ஒரு பொருள் ஓர் அறையிலும் அதை உடைக்கிற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. கத்தியோ பல்லோ பட்டு அறைகள் உடைந்தால்தான் இரண்டும் சந்திக்கும். அப்போது பிறப்பதுதான் அந்தக் காட்டம். மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியாக இருக்கும்போது ஒன்றுமில்லை, குழைத்தால் சிவக்கிறதில்லையா, அந்த மாதிரி. அதனால்தான் பெரிய துண்டாக வெட்டினால் சாது, நைசாகத் துருவினால் மூக்கில் ஏறும். கடுகு, வசாபி எல்லாம் இதே குடும்பம், இதே வித்தை.

ஆக, தலைப் பகுதியைப் பச்சையாகச் சாப்பிடுங்கள். தயிர்ப் பச்சடிக்கு இதைவிட நல்ல காய் எனக்குத் தெரியாது. துருவி, உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் வைத்து, லேசாகப் பிழிந்து, தயிரில் கலந்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினால் போதும். ஜப்பானியர்கள் துருவிய முள்ளங்கியைச் சுட்ட மீனுக்கும் தெம்புராவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குன்று மாதிரி வைப்பார்கள். நான் அதைத் தெங்கிரி மீன் வறுவலுக்கு வைத்துப் பார்த்தேன் (ஊரில் வஞ்சிரம்). எலுமிச்சை பிழிவதை அன்றோடு விட்டேன். வாழைக்காய் பஜ்ஜிக்கும், கொஞ்சம் சோயா சாஸ் விட்டு, பிரமாதம். ஆனால் துருவின உடனே சாப்பிட வேண்டும். அரை மணி கழிந்தால் காட்டம் போய்விடும், வேறொரு வாடை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நடுப்பகுதி, வேகவைக்க. இங்கே ஒரு விஷயம்: தோலைக் கஞ்சத்தனமாகச் சீவாதீர்கள். தோலுக்கு அடியில் நார் வளையம் ஒன்று ஓடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அதையும் சேர்த்துத் தடிமனாகச் சீவினால்தான் துண்டு வெண்ணெய் மாதிரி வேகும். சீவின தோலைத் தூக்கி எறிய வேண்டாம், மெல்லிசாக நறுக்கி நல்லெண்ணெய், மிளகாய், சோயா விட்டு வதக்கினால் ஒரு வேளைச் சோற்றுக்கு ஆகும். நடுத்துண்டை இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டி, முதலில் அரிசி களைந்த தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஊரில் மாட்டுத் தொட்டிக்குப் போகிற கழுநீர்தான். அந்த மாவுத் தண்ணீர் கசப்பை இழுத்துக்கொள்ளும் என்பது ஜப்பானிய வீடுகளில் காலங்காலமாக இருக்கிற பழக்கம். அப்புறம் எலும்போ நெத்திலியோ போட்ட சூப்பில் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம். ஆண்ட்டி கோழி எலும்பும் கேரட்டும் நிறைய வெள்ளை மிளகும் போடுவார். சாப்ஸ்டிக்கால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். முள்ளங்கிக்கென்று பெரிய ருசி கிடையாது, ஆனால் பக்கத்தில் இருப்பதன் ருசியையெல்லாம் குடித்துவிட்டு, கடிக்கும்போது திருப்பித் தரும்.

வால் பகுதிதான் சாம்பாருக்கு. உங்கள் சாம்பாரில் தலையும் நடுவும் போயிருக்கும், காட்டமே இல்லாத தண்ணீர்க் காய். வாலை அரை விரல் கனத்துக்கு வெட்டி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை வதக்குங்கள். அதிலேயே கொஞ்சம் தண்ணீர் சுண்டிவிடும். அப்புறம் புளித்தண்ணீரில் போட்டுத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். குக்கரில் பருப்போடு போட்டு மூன்று விசில் விட்டீர்களானால் பஞ்சுதான். மூடாமல் வைத்தால் கந்தக வாடையும் ஆவியோடு போய்விடும். வெந்தயமும் பெருங்காயமும் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

வாடையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு தடவை முள்ளங்கிப் பொரியலை டப்பாவில் அடைத்து அலுவலகத்துக்கு எடுத்துப்போய் மைக்ரோவேவில் வைத்தேன். இரண்டே நிமிஷம். எரிவாயுக் கசிவோ என்று ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். எம்ஆர்டி ரயிலில் டுரியான் பழத்துக்குத் தடை இருக்கிறது, முள்ளங்கிப் பொரியலுக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கேரட் கேக்கை வீட்டிலும் செய்யலாம். பிடிகொழுக்கட்டை செய்யத் தெரிந்தவர்களுக்குச் சுலபம். துருவின முள்ளங்கியை அதன் தண்ணீரோடு வதக்கி, அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறி, தட்டில் கொட்டி அவிக்க வேண்டும். ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் இறுக விட்டு மறுநாள் துண்டு போட்டுப் பொரிக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு வெட்டினால் கஞ்சி. கூடப் போடுகிற சாய் போ என்பதும் முள்ளங்கிதான், உப்புப் போட்டு உலர்த்தினது. கழுவி ஊறவைக்காமல் போட்டால் உப்பு தலைக்கு ஏறும், ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக் கறுப்பு சோயா ஊற்றினால் ‘பிளாக்’, ஊற்றாவிட்டால் ‘ஒய்ட்’. நான் ஒய்ட் கட்சி. அப்புறம், சைவம் சாப்பிடுகிறவர்கள் கடையில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், பன்றிக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் உண்டு.

இனி சத்து. வாட்ஸ்அப்பில் முள்ளங்கி புற்றுநோயை விரட்டும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்றெல்லாம் வருகிறது. எங்கள் அப்பாவும் கல்லுக்காக ஒரு மாதம் முள்ளங்கிச் சாறு குடித்தார். கல் அப்படியே இருந்தது, கடைசியில் மருத்துவமனைதான். உண்மையில் 100 கிராம் பச்சை டைக்கானில் 94 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். மிச்சத்தில் மாவுச்சத்து சுமார் 4 கிராம், நார் 1.6 கிராம், பொட்டாசியம் 227 மில்லிகிராம், வைட்டமின் சி 22 மில்லிகிராம். வைட்டமின் சி ஆரஞ்சில் இருப்பதில் பாதிகூட இல்லை, வேகவைத்தால் அதிலும் நல்ல பங்கு போய்விடும். கலோரி 18. இந்தப் பதினெட்டுதான் இதன் பெருமை என்பேன். அதே எடை உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 77. என் கணவருக்குச் சர்க்கரை, குருமாவிலும் கறிக்குழம்பிலும் உருளைக்குப் பதில் இதைப் போடுகிறேன். தட்டு நிறைகிறது, அளவு ஏறுவதில்லை. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சை முள்ளங்கியில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று இருப்பதும் நிஜம். சூடு பட்டால் அது செத்துவிடும், அதனால் சாம்பாரில் அந்தப் பலனைத் தேட வேண்டாம். ஆண்ட்டிக்கு வேறொரு கணக்கு: முள்ளங்கி குளிர்ச்சி, ஜின்செங் குடித்த நாளில் தொடக் கூடாது, அதன் வீரியத்தை இது முறித்துவிடும். நம் வீட்டில் பத்தியம் பார்க்கிற மாதிரிதான், நான் மறுத்துப் பேசுவதில்லை.

சத்து வேண்டுமென்றால் கீரைக்குப் போங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் வேரைவிட இலையில்தான் கூடுதல். என்ன செய்வது, இங்கே பெரும்பாலும் மொட்டையடித்துத்தான் விற்கிறார்கள். தேக்கா சந்தையில் இலையோடு கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கி, பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டித் தனியாக வைத்துவிட வேண்டும், விட்டால் அது வேரின் தண்ணீரை உறிஞ்சி நெட்டியாக்கிவிடும்.

சீனப் புத்தாண்டுக்கு ஆண்ட்டி வீட்டு வாசலில் அன்னாசிக்குப் பக்கத்தில் ஒரு முள்ளங்கி சிவப்பு நாடா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாய் தாவ் என்கிற உச்சரிப்பு ‘நல்ல சகுனம்’ என்றும் கேட்குமாம். பதினைந்து நாள் கழித்து நாடாவை அவிழ்த்து, அதிர்ஷ்டம் என்று சொல்லி என் கையில் கொடுத்துவிடுவார். போன வருஷம் வந்ததை வீட்டுக்குள் கொண்டுபோய் நகத்தால் சுண்டிப் பார்த்தேன். சுத்தக் கோசோங். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். சூப் ரொம்ப நன்றாக இருந்தது ஆண்ட்டி என்று சொல்லிவிட்டேன்.