மோதிரக் கல்லும் அதைத் தாங்கும் உலோகமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு நிச்சயிக்கப்பட்டிருக்கும் பெண், வைரம் வேண்டாம், மரகதம் பதித்த மோதிரமே வேண்டும் என்கிறார். மரகதம் எளிதில் உடைந்துவிடும் என்று என் அண்ணன் தடுக்கிறார். அதன் கடினத்தன்மை எட்டுக்கு அருகில் என்று நான் படித்திருக்கிறேன். அப்படியிருக்க அது ஏன் உடைய வேண்டும்?

பதில்: நீங்கள் படித்ததும் சரி, உங்கள் அண்ணன் சொல்வதும் சரி. இருவரும் கல்லின் இரு வேறு குணங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் வகுத்த அளவுகோல், எந்தக் கல் எதைக் கீறும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதில் வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் 9, மரகதத்துக்கு 7.5 முதல் 8 வரை. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் நுண்மணலின் எண் ஏறத்தாழ 7 என்பதால், அதற்கு மேலே இருக்கும் கற்கள் அன்றாடப் புழக்கத்தில் அவ்வளவாக மங்குவதில்லை. கீழே இருக்கும் தான்சனைட், ஓப்பல் போன்றவை நாளடைவில் பளபளப்பை இழந்துவிடும். இந்த வகையில் மரகதம் தேறிவிடுகிறது.

கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. உலகிலேயே கடினமான வைரத்துக்குக்கூட நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரம், 1908இல் ஆம்ஸ்டர்டாமில் அத்தகைய தளத்தின் வழியாகவே பிளக்கப்பட்டது. மரகதத்தின் சிக்கல் பிளவுத் தளம் அல்ல; அதன் உள்ளே இயல்பாகவே ஓடும் நுண்விரிசல்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தால், பாசி படர்ந்தது போன்ற இழைகளும் புள்ளிகளும் இல்லாத மரகதம் அரிதிலும் அரிது. முற்றிலும் தெளிவான பெரிய மரகதத்தைக் குறைந்த விலைக்கு ஒருவர் காட்டினால், அது ஆய்வகத்தில் வளர்ந்ததா அல்லது வெறும் கண்ணாடியா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இந்த விரிசல்கள் கண்ணில் படாதிருக்க, சீடார் எண்ணெயோ நிறமற்ற பிசினோ செலுத்துவது நெடுங்காலப் பழக்கம்; வணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டதும்கூட. எண்ணெய் மிகக் குறைவாகச் செலுத்தப்பட்டதா, மிதமாகவா, அதிகமாகவா என்பதை ஆய்வகச் சான்றிதழில் குறிப்பிடுவார்கள். விலையையும் அதுவே பெருமளவு தீர்மானிக்கும். அதே காரணத்தால், மீயொலி அதிர்வுத் தொட்டியிலோ நீராவியிலோ மரகத மோதிரத்தைச் சுத்தம் செய்யக் கூடாது. எண்ணெய் வெளியேறி, நேற்று வரை தெரியாத விரிசல் இன்று வெள்ளைக் கோடாகத் தெரியும்.

ஆகவே மரகதமே வாங்குங்கள். ஆனால் அதை எப்படிப் பதிப்பது என்பதில் பிடிவாதமாக இருங்கள். நான்கு கம்பி முனைகளில் கல்லை உயரத் தூக்கி நிறுத்தாமல், சுற்றிலும் உலோகத் தகடு கட்டி, விரலோடு ஒட்டித் தாழ்வாகப் பதிக்கச் சொல்லுங்கள். கூர்முனை உள்ள வடிவங்களைத் தவிருங்கள். நாற்புறமும் மூலை வெட்டப்பட்ட செவ்வக வடிவத்துக்கு மரகத வெட்டு என்றே பெயர் வந்ததற்கு, மூலைகள் சிதறாமல் காப்பதும் ஒரு காரணம். கனமான வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அதே பச்சை நிறத்தில் அடியைச் சற்று நன்றாகவே தாங்கும் சாவோரைட் கார்னெட்டைக் காட்டிப் பாருங்கள்.

கேள்வி: கடைக்காரர் பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்து, விளக்கு எரிந்ததும் "அசல் வைரம்" என்றார். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தால் "எல்.ஜி.டி." என்று எழுதியிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமாம். நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: கருவி பொய் சொல்லவில்லை, கடைக்காரர் முழு உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பேனா, கல் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பதை அளக்கிறது. ஆய்வகத்தில் வளர்ந்த வைரமும் அதே கரிம அணுக்களின் அதே அடுக்குதான் என்பதால், வெப்பம் கடத்துவதிலும், ஒளியை வளைப்பதிலும், கடினத்தன்மையிலும் நிலத்தடி வைரத்திலிருந்து வேறுபடாது. சிலிக்கான் கார்பைடு என்னும் வேறொரு பொருளால் ஆன மொய்சனைட்டைக்கூட இத்தகைய பல கருவிகள் வைரம் என்றே சொல்லிவிடும். மொய்சனைட்டை லென்ஸால் கண்டுபிடிக்கலாம்: கல்லைச் சற்றுச் சாய்த்து உள்ளே பார்த்தால், அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

ஆய்வக வைரம் புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954 டிசம்பரிலேயே உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அதை உருவாக்கியது. அன்று கிடைத்தவை அறுக்கவும் தீட்டவும் பயன்படும் சிறு துகள்கள். நகைக்கு ஏற்ற கல் பின்னாளில்தான் வந்தது. இன்று மீத்தேன் கலந்த வாயுவிலிருந்து படலம் படலமாக வளர்க்கும் முறையும் பரவலாக இருக்கிறது. வேறுபாட்டை நுட்பமான கருவிகள் மட்டுமே காட்டும். நிலத்தடி வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று கூடிக் கொத்துகளாகியிருக்கும். பூமியின் ஆழத்தில் நெடுங்காலம் கிடந்ததன் அடையாளம் அது. ஆய்வகக் கல்லில் பொதுவாக அதைக் காண முடியாது. ஆனால் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத நிலத்தடி வைரங்களும் உண்டு என்பதால் (முன்னே சொன்ன கல்லினனே அந்த இனம்தான்), நைட்ரஜன் இல்லை என்பதை மட்டும் வைத்து ஆய்வகத்தார் முடிவு கட்டுவதில்லை. கல் வளர்ந்த வடிவத்தையும் பார்ப்பார்கள்.

உங்கள் ரசீதில் உண்மை எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ஆய்வக வைரத்துக்கு உரியதா, நிலத்தடி வைரத்துக்கு உரியதா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. இரண்டுக்குமான விலை இடைவெளி அண்மை ஆண்டுகளில் மிகவும் விரிந்திருக்கிறது; ஆய்வக வைரத்தைத் திரும்ப விற்கப் போனால் கிடைப்பது சொற்பம். அணிந்து மகிழ்வதற்கு என்றால் அதில் குறையொன்றும் இல்லை என்பது என் கருத்து. சான்றிதழ் எண் கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால், லென்ஸில் அதைப் படித்துப் பாருங்கள். எண் பொருந்தினால் மட்டும் போதாது, எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணை எந்தக் கல்லிலும் பொறித்துவிட முடியும்.

கேள்வி: வெள்ளைத் தங்கத்தில் செய்த என் மோதிரம் இரண்டே ஆண்டுகளில் அடிப்பக்கம் மஞ்சளடித்துவிட்டது. பிளாட்டினம் வாங்கியிருக்க வேண்டுமோ?

பதில்: வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தோடு பலேடியமோ நிக்கலோ சேர்த்து நிறம் வெளுக்கச் செய்த கலவை. 18 கேரட் என்றால் அதில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம்தான். எவ்வளவு வெளுத்தாலும் இலேசான மஞ்சள் எஞ்சியிருக்கும். கடையில் கண்ட வெண்மை, மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தின் வெண்மை. உள்ளங்கைப் பக்கம் அது முதலில் தேய்வது இயல்பு, மறுபடியும் பூசிக்கொள்ளலாம். தோலில் அரிப்பு இருந்தால் மட்டும், கலவையில் நிக்கல் உண்டா என்று விசாரியுங்கள்.

பிளாட்டினத்துக்குப் பூச்சு தேவையில்லை. நகைக்குப் பெரும்பாலும் ஆயிரத்துக்கு 950 பங்கு தூய்மையில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதுவும் கீறல் விழும் உலோகமே. ஈரமண்ணில் விரலால் கோடிழுத்தால் மண் இருபுறமும் ஒதுங்குவதுபோல், பிளாட்டினத்தில் கீறல் விழும்போது உலோகம் உதிராமல் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது. தங்கமோ சிறிது சிறிதாகத் தேய்ந்து போகிறது. கல்லைப் பிடிக்கும் முனைகளுக்குப் பிளாட்டினம் நல்லது என்பது இதனால்தான். எடையும் கூடும்: தூய தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், பிளாட்டினத்துக்கு 21.4. எடை குறைந்த உலோகங்கள் கலந்த 18 கேரட் தங்க மோதிரத்தோடு ஒப்பிட்டால், அதே அளவுப் பிளாட்டின மோதிரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் கனக்கும். அது 1,768 டிகிரி செல்சியஸில்தான் உருகும் (தங்கத்துக்கு 1,064) என்பதால், பழுது பார்க்கத் தனிக் கருவிகளும் தனிப் பழக்கமும் உள்ளவரைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: மூன்று காரட் மாணிக்கம், "முழுக்க இயற்கைக் கல்" என்ற உறுதியோடு நம்ப முடியாத மலிவில் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த உறுதிமொழி ஒருவேளை உண்மையாகவே இருக்கும், உங்களுக்குப் பயன்படாது, அவ்வளவுதான். விரிசல் நிறைந்து, நகைக்கு உதவாத குருந்தக் கல்லில் (மாணிக்கம் இந்தக் கனிமத்தின் வகைதான்) ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பித் தெளிவாக்கும் வழக்கம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெருகிவிட்டது. கல் மண்ணிலிருந்து வந்ததுதான், ஆனால் அதன் அழகு கண்ணாடியுடையது. லென்ஸில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ்களும், கல்லைச் சாய்க்கையில் நீல நிற மின்னலும் தென்படும். எலுமிச்சைச் சாறு போன்ற சாதாரண அமிலமே அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். மோதிரத்தின் அளவைத் திருத்தப் பொற்கொல்லர் நெருப்பை ஊதினால் கல்லே பாழாகலாம்.

வெறும் வெப்பம் ஊட்டி நிறத்தைச் செம்மைப்படுத்திய மாணிக்கம் வேறு வகை. அது நிலையானது, சந்தையில் மிகப் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. எனவே "இயற்கையா" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், "இதற்கு என்னென்ன செய்திருக்கிறீர்கள், அதை ரசீதில் எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். நிறத்தைக் கண்டு மயங்குவது மன்னர்களுக்கும் நேர்ந்ததுதான்: பிரிட்டிஷ் அரச கிரீடத்தின் முகப்பில், கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்ற பெயரோடு ஒளிரும் பெருங்கல் உண்மையில் ஸ்பினல் என்னும் வேறொரு கனிமம்.

கேள்வி: பாட்டியின் பழைய 22 கேரட் மோதிரத்தை உருக்கி, அதிலிருக்கும் நீலக்கல்லையும் வைத்து, எங்கள் விருப்பப்படி நிச்சயதார்த்த மோதிரம் செய்ய எண்ணுகிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் கல்லைக் கழற்றச் சொல்லி, உங்கள் கண்முன் எடை போட்டு, நீள அகலங்களைக் குறித்து, ஒளிப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மோதிரங்களில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். அடியில் நிறத்தாள் வைத்து ஒளியைக் கூட்டியிருப்பதும் உண்டு. கழற்றியதும் கல் வெளிறித் தெரிந்தால், மாற்றிவிட்டார்கள் என்று பொற்கொல்லர் மேல் பாயாதீர்கள். விளிம்பில் சிதறல் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். அதற்கேற்ப வடிவத்தை முடிவு செய்வது நல்லது. வடிவத்தை முதலில் வரைந்துவிட்டுக் கல்லை அதற்குள் திணிக்க முயல்வதில்தான் பல மோதிரங்கள் கெடுகின்றன.

22 கேரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தூய தங்கம் இருப்பதால் அது மென்மையானது. மெல்லிய கம்பி முனைகள் துணி மாட்டி இழுத்தாலே வளையும். தினமும் அணியும் கல் மோதிரத்துக்கு 18 கேரட் தக்கது. 22 கேரட்தான் வேண்டுமென்றால், கல்லைச் சுற்றித் தடித்த தகடு கட்டும் முறையைக் கையாளுங்கள். பழைய தங்கத்தை அப்படியே உருக்கி வார்ப்பதிலும் ஒரு கேடு உண்டு: இதற்கு முன் பற்றவைத்தபோது வைத்த பொடியின் (இணைப்பு உலோகத்தின்) கலப்பு அதில் இருந்தால், வார்த்த பின் நுண்துளைகளும் வெடிப்பும் வரும். சுத்திகரித்தோ, புதுத் தங்கம் கணிசமாகச் சேர்த்தோதான் வார்க்க வேண்டும். பாட்டியின் தங்கம் மட்டுமே வேண்டும் என்று நினைத்தால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடாமல், மெழுகில் செய்த மாதிரி வடிவம் வரும் வரை பொறுத்திருங்கள். கணினித் திரையில் பெரிதாகத் தெரியும் மோதிரம் கையில் எப்படி இருக்கும் என்பதை மாதிரிதான் காட்டும். அதை விரலில் இட்டு, சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறது, கல் எவ்வளவு உயரம் என்பவை உடனே விளங்கிவிடும். மெழுகில் திருத்துவது சில நிமிட வேலை, வார்த்த பின் திருத்துவது இன்னொரு மோதிரம் செய்வதற்குச் சமம்.

கேள்வி: மோதிர அளவை எப்போது எடுப்பது?

பதில்: குளிரில் விரல் சுருங்கும், வெப்பத்தில் வீங்கும். ஆகவே வெவ்வேறு வேளைகளில் எடுத்து இடைப்பட்டதை வைத்துக்கொள்ளுங்கள். அகலமான வளையம் இறுக்கமாகத் தோன்றும் என்பதால் சற்றுப் பெரிய அளவு தேவைப்படும். வளையம் முழுவதும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்குவது ஏறக்குறைய இயலாது.

கேள்வி: வைர மோதிரத்தை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வைரத்தின் மேல் எண்ணெய்ப் பசை எளிதில் ஒட்டும். அடிப்பக்கம் அது படிந்தால் கல் மங்கித் தெரியும். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பைக் கலந்து சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். முத்தும் ஓப்பலும் பதித்திருந்தால் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். துடைத்து முடித்ததும் மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்டுங்கள். மெல்லிய கிலுகிலு ஓசை கேட்டால் கல் தளர்ந்திருக்கிறது. அன்றே பொற்கொல்லரிடம் கொண்டு போங்கள். இவை எல்லாவற்றையும் கிண்ணத்தில் செய்யுங்கள், கழுவுதொட்டியில் அல்ல.