தலையை முழுக்கத் திருப்பினால் கரோட்டிட் அடியில் வருகிறது
அல்ட்ராசவுண்ட் பார்த்து வலது உள் ஜுகுலர் சிரையில் (கழுத்திலுள்ள பெரிய சிரை) ஊசி போடும்போது, நோயாளியின் தலையை நடுக்கோட்டுப் பக்கம் கொண்டுவாருங்கள். இடதுபுறம் 30 டிகிரிக்குள் போதும். தலையை முழுக்கத் திருப்பியதும் வலது உள் ஜுகுலர் சிரைக்கு நேர் கீழே கரோட்டிட் தமனி (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி) தெரிகிறது என்றீர்கள். பெரும்பாலும் அந்தத் திருப்பல்தான் காரணம். திருப்பத் திருப்ப, பக்கத்தில் இருந்த சிரை தமனியின் மேல் ஏறிப் படுக்கிறது. அப்புறம் ஊசி சிரையின் பின்சுவரைத் தாண்டினால் தமனிதான்.

குத்துவதற்கு முன் அல்ட்ராசவுண்ட் ப்ரோபைக் கழுத்தில் குறுக்காக வைத்து, வேறொருவரைத் தலையை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் விலகித் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். லேசான அழுத்தத்துக்கே அமுங்குவது சிரை.

சிலருக்குத் தலை நேராக இருந்தாலும் சிரை தமனிமேல்தான் இருக்கும், மறுபக்கத்தையும் பாருங்கள். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தலையைத் திருப்பவே வேண்டாம்.