கறுப்பு பெல்ட்டுக்குப் பிறகு ஐகிடோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

கும்பகோணத்தில் பதினெட்டு வருடமாக ஷோட்டோகான் கராத்தே பயிற்சி செய்கிறேன். கறுப்பு பெல்ட்டில் இரண்டாம் டான் (இரண்டாம் நிலை), வயது 41. மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். வலது முழங்காலில் வலி வந்தபிறகு குமிட்டேயில் (நேருக்கு நேர் மோதும் பயிற்சியில்) முன்போல் இறங்க முடிவதில்லை, ஆசையும் விட்டுப்போயிற்று. தஞ்சாவூரில் சனி, ஞாயிறு காலையில் நடக்கும் ஐகிடோ (பிடித்து வீழ்த்தும் ஜப்பானியத் தற்காப்புக் கலை) வகுப்புக்கு ஒரு மாதமாகப் போகிறேன். உருளும்போது தோள்பட்டை கன்றிப்போகிறது. "மாஸ்டர், ரொம்ப இறுக்கமா இருக்கீங்க" என்கிறார்கள். எதைத் தளர்த்துவது என்று புரியவில்லை. கற்றதையெல்லாம் மறந்தால்தான் இது வருமா? வீட்டில் தனியாகப் பழக என்ன வேண்டும்?

(பெயர் வேண்டாம்), கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

மறக்க வேண்டியதில்லை. ஐகிடோவை உருவாக்கிய மோரிஹேய் உஎஷிபாவிடம் இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்து சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே வேறொன்றில் தேறியவர்கள்தான். ஜூடோவின் நிறுவனர் ஜிகோரோ கானோ 1930இல் தன் மாணவர் மினோரு மோச்சிசுக்கியை அவரிடம் அனுப்பிவைத்தார். அந்த மோச்சிசுக்கி பின்னாளில் ஜூடோ, கராத்தே, ஐகிடோ எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கற்பித்தார். ஆகவே உங்கள் பதினெட்டு வருடம் சுமையல்ல. அதில் சில பழக்கங்கள் மட்டும் ஐகிடோவில் உடம்பைப் புண்ணாக்கும்.

முதலில் முழங்கால். வலிக்கு மாற்றாக ஐகிடோவுக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இதில் மண்டியிட்டுச் செய்வது நிறைய. முழங்காலால் நடக்கும் ஷிக்கோ உண்டு. ஐகிகாய் என்ற ஐகிடோ அமைப்பின் முறையில் முதல் தேர்வான 5ஆம் கியூவிலேயே (கியூ என்பது கறுப்பு பெல்ட்டுக்குக் கீழுள்ள நிலை), உட்கார்ந்தபடி எதிரிலிருப்பவரைச் சாய்க்கும் கொக்யூஹோ வந்துவிடும். எலும்பு மருத்துவரிடம் காட்டி, ஜவ்வில் கிழிசல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால் ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, உட்கார்ந்து செய்பவற்றை நின்றே செய்ய அனுமதி கேளுங்கள். நல்ல ஆசிரியர் மறுக்கமாட்டார். மறுக்கிறவரிடம் உங்கள் மணிக்கட்டையும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

"இறுக்கம்" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் உங்கள் குதிகாலில் இருக்கும். ஜென்குட்சு டாச்சி என்ற கராத்தே நிலையில் நீளமாகக் கால் வைத்து, பின்கால் குதிகாலைத் தரையில் பதித்து, அங்கிருந்து இடுப்பைத் திருப்பித்தான் உங்கள் கியாகு சுகியின் (பின்கால் பக்கக் கையால் குத்துவதன்) பலம் வருகிறது. ஐகிடோவில் டென்கான் என்ற திருப்பத்தைச் செய்யும்போது முன்காலின் முன்பாதத்தில் எடையை ஏற்றி, குதிகாலைக் காகிதம் நுழையும் அளவு தளர்த்தி, மறுகாலைப் பின்னால் வட்டமாகக் கொண்டுபோய் 180 பாகை திரும்ப வேண்டும். குதிகாலை ஊன்றிக்கொண்டே திரும்பினால் பாதம் நின்றுவிடும், தொடை திரும்பும், நடுவில் முழங்கால் முறுக்குப்படும். வியர்த்த காலுக்கு ரப்பர் மேட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அங்கே இன்னும் மோசம். உங்கள் வலி இந்த ஒரு மாதத்தில் கூடியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நிற்கும் நீளத்தை ஜென்குட்சுவில் பாதிக்குக் குறையுங்கள். திரும்பி முடித்ததும் முழங்காலும் கால் பெருவிரலும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள்.

அடுத்து விழுவது. கராத்தே உங்களுக்கு விழாமல் இருக்கத்தான் கற்றுக்கொடுத்தது. இங்கே வகுப்பில் பாதி நேரம் நீங்கள்தான் விழப்போகிறீர்கள். முதல் ஆறு மாதத்தை இதற்கே ஒதுக்கினாலும் நஷ்டமில்லை.

பின்பக்கம் விழுவதிலிருந்து தொடங்குங்கள். பின்காலை மடித்து, புறங்காலை மேட்டில் படுக்கவைத்து, அந்தக் குதிகாலை ஒட்டி உட்காருங்கள். முதுகை வளைத்து, பார்வையை பெல்ட் முடிச்சில் வையுங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தால் பின்மண்டை தரையைத் தொடாது. கையை மட்டும் பின்னால் ஊன்றவே கூடாது, மணிக்கட்டு முறிவது அப்படித்தான். இது தூக்கத்திலும் வரும் அளவுக்குப் பழகும்வரை ஷிஹோ நாகே என்ற வீச்சுக்கு வேகமாக விழ ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் கை மடங்கித் தோளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், தலை நேராகத் தரைக்குப் போகும்.

முன்னுருளலை முழங்காலிட்டே ஆரம்பியுங்கள், பக்கத்துக்குப் பத்து போதும். வலது கால் முன்னால் என்றால் வலது கையின் சுண்டுவிரல் ஓரத்தை மேட்டில் வையுங்கள், விரல்நுனி உங்களை நோக்கி இருக்கட்டும். முழங்கை வளைந்து விறைப்பாக நிற்க வேண்டும். முன்கை, தோளின் பின்புறம், அங்கிருந்து முதுகில் குறுக்காக இடது இடுப்பு என்று தொடுகை போக வேண்டும். எங்கே வலிக்கிறதோ அதுவே தவறைச் சொல்லும். தோள்முனை கன்றுகிறது என்றால் முழங்கை பாதியில் மடங்கிவிடுகிறது, உங்களுக்கு நடப்பது இதுதான். நடு முதுகெலும்பு வலித்தால் குறுக்காகப் போகாமல் நேராக உருள்கிறீர்கள். இடுப்பெலும்பு இடித்தால் காலை மடிக்கத் தாமதமாகிறது. தலைசுற்றல் முதல் சில வாரம் இருக்கும், பயப்பட வேண்டாம். கழுத்துத் தேய்மானம் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் உருளக் கூடாது.

உகேயாக, அதாவது தாக்கிவிட்டு விழுபவராக, இருக்கும்போது உங்கள் கை குத்திய வேகத்தில் இடுப்புக்குத் திரும்புகிறது. அதைத் துரத்திப் பிடிக்க எதிரிலிருப்பவர் ஓடுகிறார், கற்க வந்தது எதுவும் நடப்பதில்லை. இதைச் சொன்னதும் பல கராத்தேக்காரர்கள் குத்திய கையை அந்தரத்தில் விறைப்பாக நிறுத்திவிடுவார்கள். அதுவும் பயனில்லை. ஓய் சுகியை (முன்னால் அடிவைத்து அதே பக்கக் கையால் குத்துவதை) முழு அடியோடு, இலக்கைத் தாண்டிப் போகிற எண்ணத்தோடு குத்துங்கள். அவர் விலகவில்லை என்றால் சட்டைத் துணியில் நிறுத்துங்கள். அந்தக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது, அங்கே பலரிடம் இருக்காது. நிலை குலைந்தபின் தாழ்ந்து நின்று எதிர்க்காதீர்கள். நிக்யோ என்ற மணிக்கட்டுப் பூட்டில் அப்படி முரண்டு பிடித்தால் தோற்பது மணிக்கட்டுத்தான். வலி வரும்முன்பே மேட்டைத் தட்டுங்கள்.

நீங்கள் நாகேயாக (வீழ்த்துபவராக) இருக்கையில் ஷோமென் உச்சி (தலைக்கு மேலிருந்து இறங்கும் கைவீச்சு) வந்தால் கை தானாக ஆகே உகேக்கு, அதாவது கராத்தேயின் மேல் தடுப்புக்குப் போகும். எலும்போடு எலும்பு மோதும், அவருடைய விசை அங்கேயே நின்றுவிடும். கை இறங்கும்போது தடுப்பதற்குப் பதிலாக, அது உயரும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். தோள் அசையத் தொடங்குவதைக் குமிட்டேயில் பார்த்துப் பழகியவர் நீங்கள். இரிமியின் (உள்ளே நுழைவதன்) அடிப்படையே அந்த நேரக்கணக்குத்தான். முகத்துக்கு நேராக அதேமி (அடி) காட்டும் வழக்கமும் ஐகிடோவில் உண்டு. வெறும் கையசைப்பாகப் போய்விட்ட வகுப்புகளில் உங்களைப் போன்றவர்களால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும்.

வீட்டில் பழக 40 மி.மீ. கனமுள்ள, பல்லோடு பல் கோக்கும் மேட் வாங்குங்கள். ஒன்று ஒரு மீட்டர் சதுரம். தனியாக உருள 2க்கு 5, அதாவது பத்து மேட் போதும். மொட்டைமாடியில் விரித்தே விட்டுவைக்காதீர்கள், சித்திரை வெயிலில் ஓரம் சுருண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை பிரித்துத் துடைத்து, சுவரோடு சாய்த்துக் காயவிடுங்கள். காசு இப்போது வேண்டாம் என்றால், சம்பா அறுவடை முடிந்த கையோடு வைக்கோலை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் விழுந்து பழக நல்ல இடம். அதன்மேல் நின்று எதுவும் செய்யாதீர்கள், கால் புதையும். கோடையில் வறண்ட ஆற்றுமணலிலும் உருளலாம். டென்கான் மட்டும் அங்கே வேண்டாம், மணல் பாதத்தைக் கவ்விக்கொள்ளும்.

கட்டாவை (கராத்தேயில் தனியாகச் செய்யும் அசைவு வரிசையை) விட வேண்டாம். ஐகிடோ நாளில் மட்டும் செய்யாதீர்கள், குமிட்டேயை ஆறு மாதம் நிறுத்திவையுங்கள். ஐகிகாய் விதிப்படி 5ஆம் கியூவுக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி வேண்டும், 1ஆம் கியூவுக்குப் பிறகு ஷோடானுக்கு (முதல் கறுப்பு பெல்ட் நிலைக்கு) மட்டும் 70 நாள். நடுவிலுள்ள கியூக்களையும் சேர்த்தால், வாரம் இரண்டு நாள் தஞ்சாவூர் போய்வருகிற உங்களுக்கு ஷோடான் என்பது மூன்று வருடத்துக்குக் குறையாது. அதுவரை வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் நில்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பின்பக்கம் விழுவதை இப்போதே சொல்லிக்கொடுக்கலாம், உங்களுக்குச் சரியாக வந்தபிறகு. நிக்யோ, கொடே கயேஷி (மணிக்கட்டைத் திருப்பி வீழ்த்துவது) இரண்டையும் அவர்களிடம் செய்து காட்டாதீர்கள். வளரும் மூட்டு அது.