டேட்டா மலிவு, எண் விலை அதிகம்

கேள்வி: இந்தியாவில் டேட்டா மிக மலிவு என்கிறார்கள். பிறகு ஏன் மாதாமாதம் ரீசார்ஜ் செலவு கையைக் கடிக்கிறது?

டேட்டா மலிவுதான், சந்தேகமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்பு ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்து ஓட்டியவர்கள் நாம். ஆனால் அந்த மலிவு, டேட்டாவைத் தினமும் தீர்ப்பவர்களுக்குத்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிறார்கள். மிச்சம் இருந்தால் நள்ளிரவோடு போயிற்று. பட்டன் போன் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு ஒன்றரை ஜிபி எதற்கு?

அவருக்கு வேண்டியது அந்த எண் மட்டும்தான். வங்கியின் ஓடிபி, கேஸ் சிலிண்டர் பதிவு, ஆதார், ரேஷன் கடைக் குறுஞ்செய்தி எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. பத்து ரூபாய்க்கு டாப் அப் செய்துவிட்டு மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளிய நாட்களில் எண் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இன்று முடியுமா? இது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம்.

அடுத்தது அந்த 28 நாள் கணக்கு. பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்தால் 364 நாள். அதாவது பன்னிரண்டு மாத வருடத்துக்குப் பதின்மூன்று மாத வாடகை. சம்பளம் மட்டும் 28 நாளுக்கு ஒருமுறை வருவதில்லை! 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. இருக்கின்றன. கடைக்காரரிடம் நீங்களாகக் கேட்டால் சொல்வார்.

2024 டிசம்பரில் டிராய் இன்னொரு நல்ல காரியம் செய்தது: டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களும் வேண்டும் என்றது. அடுத்த மாதமே வெளியிட்டார்கள். ஆனால் 84 நாள், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்ட வேண்டும். கூலி வேலை பார்ப்பவர் ஒரே மூச்சில் அவ்வளவு எடுத்து வைப்பாரா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது சிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தாலும், இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எண் கைவிட்டுப் போகாது என்பது வேறு, வேலிடிட்டி முடிந்த எண்ணுக்கு ஓடிபி வந்து சேரும் என்பது வேறு. வங்கிக் கணக்கில் இணைத்த எண்ணை இதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அப்பாவுக்கு அழைப்பு மட்டும் உள்ள திட்டத்தைப் போட்டுவிட்டேன், நிம்மதி. அம்மாவிடம் இந்தச் சிக்கன யோசனை எதுவும் எடுபடாது. ஒன்றரை ஜிபியைச் சாயங்காலத்துக்குள் யூடியூபில் தீர்த்துவிட்டு, இரண்டு ஜிபி திட்டம் எவ்வளவு என்று கேட்கிறார்.