கஜானா சாவி யாரிடம்?

(‘ஊழல் ஆட்சியை அகற்றி மக்களாட்சியைக் கொண்டுவர அந்நியப் படை வரலாமா?’ என்ற பொருளில் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்நியப் படைதானே மக்களாட்சியைக் கொண்டுவந்தது? மற்ற நாடுகளில் மட்டும் ஏன் முடியாது?

தலையீட்டை ஆதரிப்பவர்கள் முதலில் நீட்டுகிற சான்றிதழ் இந்த இரண்டு நாடுகள்தான். ஆனால் படை வந்து இறங்கியபோது அங்கே ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் நாடாளுமன்றம் 1890-லேயே கூடிவிட்டது. 1925-ல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1945-ல் வந்த அமெரிக்கப் படை ஜப்பானிய அரசைக் கலைக்கவில்லை. மேலிருந்து உத்தரவு போட்டது. வரி வசூல், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் பழைய அதிகாரிகள் கையிலேயே நடந்தன. 1946 ஏப்ரலில் பெண்களும் வாக்களித்தார்கள். 1947 மே 3 அன்று புதிய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனிக்கு 1919 முதல் 1933 வரை குடியரசாக இருந்த அனுபவம் உண்டு. பழைய கட்சிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் சிறையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் திரும்பி வந்தார்கள். இதில் பலர் கவனிக்காத விஷயம் தேர்தல் நடந்த வரிசை. அமெரிக்கப் படை இருந்த பகுதியில் 1946 ஜனவரியில் சின்ன ஊர்களின் சபைகளுக்குத்தான் முதல் தேர்தல். அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றங்கள். நாடு தழுவிய தேர்தல் 1949 ஆகஸ்டில்தான். ஒவ்வொரு படியிலும் நிர்வாகம் பழகிய ஆட்கள் அடுத்த படிக்குக் கிடைத்தார்கள்.

இதே அமெரிக்கப் படை 1915 முதல் 1934 வரை ஹைட்டியிலும், 1916 முதல் 1924 வரை டொமினிக்கன் குடியரசிலும், இடையில் சில மாதங்கள் தவிர 1912 முதல் 1933 வரை நிகரகுவாவிலும் இருந்தது. சாலை போட்டார்கள், சுங்க வசூலை ஒழுங்குபடுத்தினார்கள், கூடவே புதிய உள்நாட்டுப் படை ஒன்றையும் உருவாக்கினார்கள். கிளம்பியபோது நாட்டில் ஒழுங்காக இயங்கிய ஒரே அமைப்பு அந்தப் படைதான். டொமினிக்கன் படையில் பயிற்சி பெற்ற துருஹியோ 1930-ல் ஆட்சியைப் பிடித்து 1961-ல் கொல்லப்படும்வரை விடவில்லை. நிகரகுவா தேசியக் காவல்படையின் தலைவர் சொமோசா 1936-ல் ஆட்சியைக் கைப்பற்றினார். அவர் குடும்பம் 1979 வரை நாட்டைச் சொந்தப் பண்ணை போல நடத்தியது. ஜப்பானைச் சொல்பவர்கள் இந்த மூன்று நாடுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: பனாமாவில் அமெரிக்கா 1989-ல் நுழைந்து ராணுவ ஆட்சியாளர் நொரியேகாவைப் பிடித்தது. அதன்பின் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கிறதே?

நடக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1989 மே மாதம் பனாமா மக்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் என்டாரா ஜெயித்தார், நொரியேகா அந்தத் தேர்தலையே ரத்து செய்தார். டிசம்பரில் வந்த படை, ஜெயித்தவரைப் பதவியில் அமர்த்தியது. தலைவரை வெளியிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. பழைய ராணுவத்தையும் கலைத்தார்கள். 1994-ல் அரசியல் சாசனத்திலேயே ராணுவம் கிடையாது என்று எழுதினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் நொரியேகா காலத்து ஆளுங்கட்சியே ஜெயித்தது, ஆட்சியும் சண்டையில்லாமல் கைமாறியது. மக்களாட்சிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

காம்பியாவும் இதே ரகம். 22 ஆண்டுகள் ஆண்ட ஜாமே 2016 டிசம்பரில் தோற்றார், முதலில் ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்தில் பல்டி அடித்தார். 2017 ஜனவரி 19 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை எல்லை தாண்டியது. 21-ம் தேதி அவர் நாட்டை விட்டே போனார். வந்தவர்கள் அக்கம்பக்கத்து நாட்டவர்கள், கேட்டது ஏற்கெனவே எண்ணி முடித்த வாக்குகளுக்கு மரியாதை.

ஊழல்? அது வேறு கணக்கு. பனாமாவின் முன்னாள் ஜனாதிபதி மார்த்தினெல்லிக்கு 2023-ல் பணமோசடி வழக்கில் பத்தாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. படை வந்து 34 ஆண்டுகள் கழித்து, உள்ளூர் நீதிமன்றம் கொடுத்த தண்டனை அது.

கேள்வி: ஊழல் ஆட்சியாளரை விரட்டிய பிறகு ஊழல் குறைய வேண்டும். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் ஏன் கூடியது?

படையோடு பணமும் வருகிறது. நாட்டின் நிர்வாகத்தால் கணக்கு வைக்க முடியாத அளவில், கணக்குக் கேட்க ஆள் சேர்வதற்கு முன்பே வந்து விழுகிறது. இராக்கில் 2003 மே முதல் 2004 ஜூன் வரை அமெரிக்கா விமானத்தில் அனுப்பிய ரொக்க டாலர் சுமார் 1,200 கோடி. எடை 363 டன். இது இராக்கின் சொந்தப் பணம், பெரும்பகுதி எண்ணெய் வருமானம். அமைச்சகங்களுக்குக் கொடுத்ததில் 880 கோடி டாலருக்குச் சரியான கணக்கு வைக்கப்படவில்லை என்று 2005 ஜனவரியில் அமெரிக்கத் தணிக்கையே சொன்னது. ஓர் அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலாளிகள். நேரில் சரிபார்க்க முடிந்தது 602 பேரை.

சம்பளப் பட்டியல் திருட்டுதான் இதில் அடிப்படைப் பாடம். தளபதி 600 பேர் என்று எழுதி அனுப்புவார், முகாமில் 300 பேர் இருப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று ரொக்கம் தளபதி கைக்கு வரும். இல்லாதவர்களின் சம்பளம் முழுதாக அவருக்கு. இருப்பவர்களில் சிலர் பாதிச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வீட்டில் இருந்துகொள்வார்கள். அவர்களுக்கான உணவு, டீசல், தோட்டாவும் சந்தைக்குப் போகும். அந்தப் பதவிக்கே விலை இருப்பதால், போட்ட முதலை எடுத்தாக வேண்டிய கட்டாயம் வேறு. 2014 ஜூனில் இராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் விழுந்தது. அந்த நவம்பரில் இராக் பிரதமர் அபாதி, நான்கே ராணுவ டிவிஷன்களில் 50,000 பொய்ப் பெயர்கள் இருந்ததாக நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது, காகிதத்தில் மூன்று லட்சம் பேர் இருந்த படையில் உண்மையில் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. ஆப்கானிஸ்தானின் வார்தக் மாகாணத்தில் 2009-ல் ஒரு சிறு போலீஸ் குழுவுக்குச் சம்பளத்தை மொபைல் வழியே நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் தங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்ததாக நினைத்தார்கள், அதுவும் 30 சதவீத அளவுக்கு! முழுச் சம்பளத்தை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. பணம் இடையில் நின்றுபோன ஓர் அதிகாரி, ஆட்களின் போனையும் ரகசிய எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தொழில்நுட்பத்தோடு மேலதிகாரியைத் தண்டிக்கும் அதிகாரமும் சேர்ந்து வரவில்லை என்றால் இவ்வளவுதான்.

இரண்டாவது ஓட்டை ஒப்பந்தங்கள். ஆப்கானிஸ்தானில் படைகளுக்குச் சரக்கு கொண்டுபோக 216 கோடி டாலர் லாரி ஒப்பந்தம் போட்டார்கள். வழியில் பாதுகாப்புக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு. அவர் காவல் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தார், அது சாலையை ஆண்ட ஆயுதக்குழுத் தலைவருக்குக் கொடுத்தது, அதில் ஒரு பங்கு தாலிபான்களுக்கும் போயிருக்கலாம் என்று 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே எழுதியது. எதிரியை அழிக்கப் போன லாரி எதிரிக்குச் சுங்கம் கட்டிவிட்டுப் போன கதை.

மூன்றாவது வங்கி. அரசு ஊழியர், ராணுவத்தினர் சம்பளம் போய்க்கொண்டிருந்த காபூல் வங்கி 2010-ல் கவிழ்ந்தது. சுமார் 90 கோடி டாலர் கடனாகப் போயிருந்தது, பெரும்பகுதி வாங்கியது ஒரு கைப்பிடி ஆட்கள். ஜனாதிபதியின் சகோதரரும் துணை ஜனாதிபதியின் சகோதரரும் அதில் பங்குதாரர்கள். வெளிநாட்டுப் படைக்கு அந்த அரசு தேவைப்பட்டது. அரசுக்கு அந்தக் குடும்பங்கள் தேவைப்பட்டன. ஆகவே யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

கேள்வி: பழைய ஆட்சியின் அதிகாரிகளை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

இராக்கில் அதைத்தான் செய்தார்கள். 2003 மே 16 அன்று முதல் உத்தரவு: சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்கள் அரசு வேலையில் இருக்கக்கூடாது. பல்லாயிரம் பேர் போனார்கள். வேலைக்காகவே கட்சி அட்டை வாங்கிய ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அதில் அடக்கம். மே 23 அன்று இரண்டாவது உத்தரவு, ராணுவமே கலைப்பு. நான்கு லட்சத்துக்கு நெருக்கமான பேர் துப்பாக்கி சுடத் தெரிந்த வேலையற்றவர்கள் ஆனார்கள். கோப்பு எங்கே, மின்நிலையத்தின் உதிரி பாகம் எங்கே, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிந்தவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள்.

காலியான நாற்காலிகளைக் கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டன. ஷியா, சுன்னி, குர்து என்று மதப்பிரிவுவாரியாகவும் இனவாரியாகவும் பங்கு. ஒவ்வொரு அமைச்சகமும் ஒரு கட்சியின் வருமானத் துறை. எல்லோருக்கும் பங்கு இருப்பதால் எதிர்க்கட்சி என்று ஒன்று நிற்பதில்லை. 2021 செப்டம்பர் முதல் 2022 ஆகஸ்ட் வரை வரித்துறை வைப்புக் கணக்கிலிருந்து 250 கோடி டாலரை 247 காசோலைகளில், ஐந்து கம்பெனிகள் பெயரில் எடுத்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் அந்தக் கணக்குக்கு இருந்த முன்தணிக்கை விலக்கப்பட்டிருந்தது.

ஜார்ஜியா நாட்டில் 2003 புரட்சிக்குப் பிறகு லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துப் போலீஸை மொத்தமாக நீக்கினார்களே என்று கேட்பீர்கள். நீக்கினார்கள், பலனும் கிடைத்தது. ஆனால் அது ஒரே ஒரு துறை. புதிதாக எடுத்தவர்களுக்குப் பழைய சம்பளத்தைப் போலப் பல மடங்கு கொடுத்தார்கள். செய்தது அந்நாட்டு அரசே. எல்லாத் துறைகளிலும் ஒரே வாரத்தில் கைவைக்கவும் இல்லை.

கேள்வி: சீக்கிரமாகத் தேர்தல் நடத்திவிட்டுப் படை கிளம்பிவிடலாமே?

கம்போடியாவில் 1993 மே மாதம் ஐ.நா. நடத்திய தேர்தலில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 120 இடங்களில் அரச வம்சத்தவர் கட்சிக்கு 58, அதுவரை ஆண்ட ஹுன் சென் கட்சிக்கு 51. தோற்றவரிடம் ராணுவம், போலீஸ், மாகாண அலுவலகங்கள் எல்லாம் இருந்தன. எனவே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள்! 1997 ஜூலையில் இரண்டாவது பிரதமரான ஹுன் சென் முதலாமவரை ஆயுதபலத்தால் வெளியேற்றினார். வாக்குப்பெட்டியை மாற்றியவர்கள் சம்பளம் கொடுக்கும் கையை மாற்றவில்லை.

லிபியாவில் கடாபி கொல்லப்பட்டது 2011 அக்டோபர் 20, தேர்தல் 2012 ஜூலை. ஆயுதக் குழுக்களைக் கலைப்பதற்குப் பதில் அரசுச் சம்பளத்தில் சேர்த்தார்கள். சம்பளம் உண்டு என்றதும் சண்டைக்கே போகாதவர்களும் போராளிகள் ஆனார்கள். 2014-ல் இரண்டு அரசுகள்.

கேள்வி: ஊழல் ஆட்சி என்ற காரணத்துக்காகப் படையெடுக்கச் சர்வதேசச் சட்டத்தில் இடமுண்டா?

இல்லை. ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு படைபலத்தைத் தடுக்கிறது. விலக்கு இரண்டு: 51-வது பிரிவின் தற்காப்பு, பாதுகாப்புச் சபையின் அனுமதி. 2005-ல் நாடுகள் ஏற்றுக்கொண்ட ‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்ற கொள்கையிலும் நான்கு குற்றங்கள்தான் உண்டு: இனப்படுகொலை, போர்க்குற்றம், ஓர் இனத்தவரை ஊரைவிட்டே துரத்தும் இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம். லஞ்சமும் கள்ள ஓட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. லிபியாவுக்காகப் பாதுகாப்புச் சபை 2011-ல் நிறைவேற்றிய 1973 என்ற எண் கொண்ட தீர்மானம்கூடப் பொதுமக்களைக் காக்கத்தான். பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா உட்பட ஐந்து வாக்களிக்காமல் ஒதுங்கின.

கேள்வி: எல்லாம் எண்ணெய்க்காகத்தானே?

ஹைட்டியில் எண்ணெய் வயல் ஏது? நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் மேலே சொன்ன ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

கேள்வி: அப்படியானால் வெளியிலிருந்து எதுவுமே செய்ய முடியாதா?

செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். லைபீரியாவில் 2005-ல் போட்ட உடன்பாட்டின்படி மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம் போன்ற இடங்களில் பணம் வெளியே போக இரண்டு கையெழுத்து: ஒன்று உள்ளூர் அதிகாரியுடையது, மற்றொன்று வெளிநாட்டு நிபுணருடையது. சலிப்பான வேலைதான், ஆனால் திருட்டு நடக்கும் இடத்திலேயே கை வைத்தது. உள்ளூர் ஆளைப் பழக்காமல் நிபுணரே எல்லாம் செய்தால் அவர் விமானம் ஏறிய மறுநாள் பழைய கதை.

சாலமன் தீவுகளுக்கு 2003-ல் ஆஸ்திரேலியா தலைமையில் படையும் போலீசும் போனது அந்நாட்டு அரசு அழைத்து, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகு. போலீசோடு கணக்கர்களும் போனார்கள், நிதியமைச்சகத்தில் உட்கார்ந்தார்கள். 14 ஆண்டுகள் இருந்தார்கள். அப்படியும் 2006-ல் தலைநகரில் கலவரம் வெடித்தது.

குவாத்தமாலாவில் 2007 முதல் 2019 வரை ஐ.நா. ஆதரவு விசாரணை ஆணையம் இயங்கியது. ஒரு சிப்பாய்கூட இல்லை. உள்ளூர் அரசு வழக்கறிஞர்களோடு சேர்ந்து தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆதாரம் திரட்டியது, வழக்கு உள்ளூர் நீதிமன்றத்தில். சுங்கத் தீர்வையைக் குறைத்து லஞ்சம் வாங்கிய கூட்டத்தைப் பிடித்ததில் 2015 செப்டம்பரில் ஜனாதிபதியே பதவி விலகினார். பின்னர் வந்த ஜனாதிபதி மீதும் விசாரணை திரும்பியது. அவர் ஆணையத்தின் காலத்தை நீட்டிக்க மறுத்துவிட்டார். இந்த முறையின் பலவீனம் அதுதான்.

பணக்கார நாடுகள் நினைத்தால் தங்கள் நாட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: திருட்டுப் பணம் தங்கள் வங்கியில் ஒளிய விடாமல் தடுப்பது. முதலில் கணக்கை முடக்க வேண்டும். அதற்குச் சில நாட்களுக்கு மேல் தாமதித்தால் பணம் நகர்ந்துவிடும். பிறகு பினாமி கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளரைக் காட்ட வேண்டும், பறிமுதல் உத்தரவு வாங்க வேண்டும், கடைசியில் திருப்பித் தர வேண்டும். பிலிப்பைன்ஸை ஆண்ட சர்வாதிகாரி மார்க்கோஸின் பணத்தை ஸ்விட்சர்லாந்து 1986-ல் முடக்கியது, சுமார் 68 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர 2004 ஆனது. நைஜீரியாவை ஆண்ட ராணுவ ஆட்சியாளர் அபாச்சாவின் குடும்பத்திடமிருந்து மீட்ட 32 கோடி டாலரை அனுப்பியபோது, உலக வங்கி மேற்பார்வையில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாக உதவித்தொகையாகப் போக வேண்டும் என்று 2017 உடன்பாட்டிலேயே எழுதிக்கொண்டார்கள். திரும்பி வந்த பணம் இன்னொரு முறை திருடுபோகாமல் இருக்க.