கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டெலிபோன், பல்பு, டிராஃபிக் லைட் மூன்றையும் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நம்பலாமா?

பதில்: எனக்கும் நாலைந்து தடவை வந்துவிட்டது. அனுப்புகிறவர் மனசு நல்ல மனசுதான். ஆனால் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னால், உள்ள ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிட ஆள் காத்திருக்கிறது. பெல்லின் டெலிபோன் காப்புரிமைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் லூயிஸ் லாட்டிமர். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த தம்பதியின் பிள்ளை. பல்புக்குள் எரியும் கார்பன் இழையைத் தயாரிக்க நல்ல முறை ஒன்றைக் கண்டு 1882இல் காப்புரிமை வாங்கினார். இதுவே போதாதா? எடிசனிடமிருந்து பல்பைப் பிடுங்க வேண்டியதில்லை. கிளீவ்லாந்து நகரில் 1914லேயே மின்சார சிக்னல் வந்துவிட்டது. அதே ஊரில் இருந்த காரெட் மார்கன் 1923இல் காப்புரிமை பெற்றது கையால் திருப்பும் சிக்னல் கம்பத்துக்கு. 'நில்', 'போ' தவிர, எல்லாப் பக்க வண்டிகளையும் ஒருசேர நிறுத்தும் மூன்றாவது நிலை அதில் இருந்தது.

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பர் வரலாற்றைக் கொண்டாடும் மாதமாக, இருப்பதிலேயே குட்டி மாதத்தைத் தள்ளிவிட்டார்களே?

பதில்: யாரும் தள்ளிவிடவில்லை. 1926இல் கார்ட்டர் வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியரே பிப்ரவரியில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். லிங்கன், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இருவர் பிறந்தநாளும் அதில் வரும். டக்ளஸ் அடிமையாகப் பிறந்தவர், பிறந்த தேதியே தெரியாது. 14ஆம் தேதி அவராக வைத்துக்கொண்டது. வாரம் மாதமானது 1976இல்.

கேள்வி: உங்கள் மனதில் நிற்கும் ஒருவர்?

பதில்: விவியன் தாமஸ் என்ற கறுப்பர். தச்சு வேலை செய்து கல்லூரிக்காகச் சேர்த்த பணம், பொருளாதார மந்தத்தில் வங்கியோடு போயிற்று. 1930இல் நாஷ்வில்லில் டாக்டர் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர்.

பிறகு இருவரும் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள். இதயக் கோளாறால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, உடம்பு நீலம் பாரித்த குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டவர் டாக்டர் ஹெலன் டாசிக். ரத்தக்குழாயை மாற்றி இணைக்கும் அந்த அறுவையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து, கைக்குள் கொண்டுவந்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று மேஜையில் 15 மாதக் குழந்தை. கத்தி பிளாலாக் கையில். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்றபடி, தையல் சரியாகப் போகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார் தாமஸ். மருத்துவம் படிக்காதவர்!

மறுவருடம் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிளாலாக், டாசிக் பெயர்கள் மட்டும்தான். தாமஸிடம் தொழில் பழகிய சர்ஜன்கள் 1971இல் அவர் உருவப்படத்தை வரையச் செய்து அளித்தார்கள். 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மருத்துவத்துக்கு அல்ல, சட்டத்துக்கு.